சங்கத்திடலின் வடக்குச் சுவர்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

துறை கொடுத்திருக்கும் களக் குறிப்பேட்டில் மண்ணைப் பற்றி மட்டுமே எழுத வேண்டும். மண்ணின் நிறம், ஈரம், ஆழம், அதில் கிடைத்தவை. மனிதர்களுக்கு அதில் கட்டம் இல்லை. ஆகவே இந்த நோட்டு.

சங்கத்திடலுக்கு வந்து இருபத்து மூன்று நாள் ஆகிறது. சுற்றிலும் வயல், நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு மேடு. மேட்டின் தென்பாதி புறம்போக்கு. வடபாதியில் ஒன்பது வீடுகள். தென்பாதியைத் தோண்டுகிறோம். அடியில் ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்தைய பௌத்தப் பள்ளி ஒன்று, பிக்குகள் தங்கிய மடம், இருக்கிறது. ஊருக்குப் பெயர் விவசாயத் தொழிலாளர் சங்கத்தால் வந்தது என்கிறார்கள் ஊர்க்காரர்கள். பிக்குகளின் சங்கத்தால் வந்தது என்கிறேன் நான். இரண்டு சங்கமும் இப்போது கூடுவதில்லை.

இன்று மூன்றாவது அறை முழுதாக வெளிப்பட்டது. ஆறடிக்கு ஏழடி. செங்கல் சுவர், ஒற்றை வாசல், சன்னல் கிடையாது. சுரண்டும் வேலையில் அஞ்சம்மாள்தான் இருந்தார். வேலையாட்கள் பதினான்கு பேரும் அந்த ஒன்பது வீட்டுக்காரர்கள். அவர்களில் கையில் நிதானம் உள்ளவர் இவர்.

"இதுல ஒரு ஆளு படுத்திருப்பானா சார்?"

"படுத்திருக்காங்க."

"கால நீட்டுனா செவுரு இடிக்குமே."

"அப்ப ஆளுங்க குள்ளமா இருந்திருக்கலாம்."

"குள்ளமெல்லாம் இல்ல. கால மடக்கித்தான் படுத்திருப்பான்" என்றார் மண் கூடையோடு நின்ற செல்லக்கண்ணு. "நீட்டிப் படுக்கணும்னா ஏன் சாமியாராப் போறான்?"

களக் குறிப்பேட்டில் எழுதியது: அறை எண் 3. பயன்பாடு: உறைவிடம்.


ஆகஸ்ட் 20, புதன்

பானை ஓடுகள் 212. வேறொன்றுமில்லை.


ஆகஸ்ட் 28, வியாழன்

துணை இயக்குநர் பத்மலோசனி மேடம் தலைநகரிலிருந்து வந்தார். குழிகளைச் சுற்றிப் பார்த்தார். தெற்குப் பக்கச் சுவர் முழுதாக இருக்கிறது. கிழக்கும் மேற்கும் வடக்கு நோக்கி ஓடி, வீடுகளுக்குப் பத்து மீட்டர் முன்னால் அறுந்துபோகின்றன.

"வடக்குப் பக்கம்?" என்று கேட்டார்.

பிற்பகல் அவர் கையில் கொடுத்த வரைபடத்தில் வடக்குச் சுவர் புள்ளிக்கோட்டால் காட்டப்பட்டது. எங்கள் தொழிலில் நேர்க்கோடு என்றால் கண்ணால் கண்டது. புள்ளிக்கோடு என்றால் இருந்திருக்க வேண்டும் என்று நினைப்பது. அது ஒருவகை மரியாதையான சந்தேகம். கிழக்கு, மேற்குச் சுவர்களைத் தெற்குச் சுவரின் நீளத்துக்கே நீட்டினால் பள்ளி சரியான சதுரமாகிறது. காவிரிப் படுகைப் பள்ளிகள் எல்லாம் சதுரம் என்று பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டுரையில் சொல்லப்பட்டிருக்கிறது. அக்கட்டுரையை இதுவரை இருவர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் நான். எழுதியவனும் நான்தான்.

வரைவாளர் ஆரோக்கியதாஸ் மட்டும், ஓய்வுக்கு நான்கு மாதமே இருப்பவர் என்பதாலோ என்னவோ, பேனாவை மூடியபடி, "சார், கோடு வீடுங்க மேல போவுதே" என்றார்.

காகிதத்தில்தானே போகிறது என்று அவருக்குச் சொல்லப்பட்டது.

மேடத்துக்கு மிகுந்த மகிழ்ச்சி. "நாற்சதுரம்" என்று மூன்று முறை சொன்னார்.


செப்டம்பர் 9, செவ்வாய்

நான் தங்கியிருப்பது கூட்டுறவுச் சங்கத்தின் பழைய உரக்கிடங்கு. யூரியா தீர்ந்து எட்டு வருடம் ஆகிவிட்டதாம். வாசனைக்கு அது தெரியவில்லை. கிடைத்த பொருள்களைப் பாதுகாப்பான இடத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. இவ்வூரில் பூட்டுள்ள இடம் இது ஒன்றுதான். பானை ஓட்டு மூட்டைகள் மூன்று சுவர் ஓரமும் வந்துவிட்டன.

மதியச் சாப்பாட்டுக்குக் கடைத்தெரு போக ஆறு கிலோமீட்டர். ஆகவே எப்போதாவது அஞ்சம்மாள் வீட்டில் சாப்பிட நேர்கிறது. நேற்று கெண்டை மீன் குழம்பு. முந்தாநாள் கருவாடு. சனிக்கிழமை வாழைப்பூ.

வீடு என்று இப்போதே சொல்வது அவசரம். அரசுத் திட்டத்தில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சுவர் முழு உயரம் வந்து நிற்கிறது, மேலே ஆகாயம். குடும்பம் பக்கத்தில் நீலத் தார்ப்பாயின் கீழ் இருக்கிறது. கணவர் வீராசாமி கொத்தனார். காரைக்காலில் மாடி வீடுகளாகக் கட்டிக்கொண்டிருப்பவர். தீபாவளிக்குள் தளம் போட்டாக வேண்டும். மகள் சுகந்திக்கு இது தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்துவிட்டது. அழைத்து வந்து வைத்துக்கொள்ளக் கூரை வேண்டும்.

"கூரையில்லாத வூட்டுக்கு எப்படி அனுப்புறதுன்னு சம்பந்தியம்மா கேக்குது" என்றார் அஞ்சம்மாள். "கேக்குறது நியாயம்தான். ஆனா அங்கயே பெத்துக்கிட்டான்னு வைங்க, புள்ளைக்குக் கல்யாணம் ஆவுற வரைக்கும் சொல்லிக்காட்டும்."

"எப்ப தேதி?"

"டிசம்பர் மொதல்ல. மழை வேற கொட்டும்."


செப்டம்பர் 17, புதன்

கிராம நிர்வாக அலுவலர் தியாகசுந்தரம் மோட்டார் சைக்கிளில் வந்தார். கையில் ஆணை, புல வரைபடம், பூச்சி விரட்ட ஒரு துண்டு.

பள்ளியைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கும் வேலை தொடங்கிவிட்டது. அதன் எல்லைக்குள் எந்தக் கட்டுமானமும் கூடாது. எல்லை, துறையின் வரைபடத்தில் உள்ளபடி. வரைபடத்தைப் பார்த்தேன். என் புள்ளிக்கோட்டைக் காணவில்லை. அந்த இடத்தில் சிவப்பு மையில் ஒரு நேர்க்கோடு, ஒன்பது வீடுகளின் பின்பக்கங்களையும் ஊடுருவிப் போகிறது.

"இது புள்ளிக்கோடு ஆச்சே" என்றேன்.

"எங்க ஸ்கெட்ச்சுல புள்ளிக்கோடுன்னா வண்டிப்பாதை சார்" என்றார் பொறுமையாக. "நீங்க வண்டிப்பாதையவா சொல்ல வந்தீங்க? சுவருன்னு எழுதியிருக்கீங்க. அதான் சர்வேயர் திருத்திட்டார்."

கட்டி முடித்த எட்டு வீடுகளுக்கு இப்போதைக்குத் தொந்தரவில்லை. புதிதாக எதுவும் கட்டக்கூடாது, அவ்வளவுதான். கட்டிக்கொண்டிருப்பது ஒரே வீடு. விடுப்பில் வந்திருந்த வீராசாமி கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றார்.

"முன் ரூமுக்குத் தடையில்ல" என்று ஆணையைப் படித்துக் காட்டினார் தியாகசுந்தரம். "அடுப்படியும் பின் ரூமும்தான் எல்லைக்குள்ள வருது. முன்பக்கத்துக்குத் தளம் போட்டுக்கலாம்."

"பாதி வூட்டுக்கா?"

"ஆணை அப்படித்தான்."

"மீதிப் பாதி நனையுமே சார்."

"அது எங்க டிபார்ட்மென்ட் இல்ல" என்று அவர் என்னைப் பார்த்தார். வீராசாமியும் பார்த்தார்.

ஆணையின் நான்காம் பத்தி எனக்கு. எல்லை இறுதியாகும்வரை களப் பொறுப்பாளர் இடத்தை விட்டு நீங்கக் கூடாது. அருங்காட்சியகத்துக்கு மாற்றல் கேட்டிருந்தேன். அதுவும் அதுவரை நிறுத்தம்.


செப்டம்பர் 18, வியாழன்

பதினான்கு பேரும் நேரத்துக்கு வந்தார்கள். வேலை சீராக நடந்தது. யாரும் பேசவில்லை.

மதியம் பிஸ்கட்.


செப்டம்பர் 19, வெள்ளி

பிஸ்கட்.


செப்டம்பர் 22, திங்கள்

தேநீர் இடைவேளையில் அஞ்சம்மாள் நேரே என்னிடம் வந்தார்.

"அந்தக் கோட யாரு சார் போட்டது?"

"ஆபீஸ்ல போடுறதுதான்" என்றேன்.

"ஆபீஸ்லேருந்து யாரு இங்க வந்து எங்க அடுப்படிய பாத்தா?"

சற்றுத் தள்ளி ஆரோக்கியதாஸ் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். சீவுவதை நிறுத்தவில்லை. அந்தப் பென்சிலில் பாதி இன்று தீர்ந்துபோயிற்று.

வேலை முடிந்த பிறகு என்னிடம் வந்து, "என் பேரைச் சொல்லியிருக்கலாம் சார்" என்றார். "மூணு மாசத்துல போகப்போறவன். என்னைத் திட்டிட்டு மறந்துடுவாங்க."

அவர் கேலியாகச் சொன்னாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வரைவாளர்களின் முகத்தில் நிழல் போடாத பகுதிகள் அதிகம்.


செப்டம்பர் 30, செவ்வாய்

வரைபடத்திலிருந்து அந்தக் கோட்டை நீக்கக் கோரி நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்று மேடத்துக்குத் தொலைபேசினேன்.

"நீக்கறதுக்கு ஆதாரம் இருக்கா?"

"போட்டதுக்கும் இல்லையே மேடம்."

"போட்டதுக்கு உங்க கட்டுரை இருக்கே."

மறுப்பதென்றால் அந்த இடத்தில் தோண்டிப் பார்த்துச் சுவர் இல்லை என்று காட்ட வேண்டுமாம். தோண்டுகிறேன் என்றேன். அது இப்போது பாதுகாக்கப்பட்ட எல்லை, அனுமதியில்லாமல் யாரும் தோண்டக் கூடாது என்றார். அனுமதி கேட்கிறேன் என்றேன். எல்லை இறுதியான பிறகுதான் அனுமதி தர முடியும் என்றார். எல்லை எப்போது இறுதியாகும் என்று கேட்டேன். ஆதாரம் வந்ததும் என்றார்.

இந்தப் பேச்சை ஒரு தாளில் படமாக வரைந்து பார்த்தேன். அழகான வட்டம். வாசல் கிடையாது.


அக்டோபர் 8, புதன்

ஓட்டு மூட்டைகள் 340. கிடங்கில் எனக்கு மிஞ்சியிருக்கும் தரையை டேப் வைத்து அளந்தேன். ஐந்தடி பத்தங்குலத்துக்கு மூன்றடி. என் உயரம் ஐந்தடி எட்டு. பிக்குவின் அறையில் பாதிகூட இல்லை. தவிர அவருக்கு யூரியா இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

அறைகளைப் பற்றி ஒரு சந்தேகம். இதுவரை பதினொன்று வெளிவந்திருக்கின்றன. எல்லாமே உள்முற்றத்தைப் பார்த்தவை. ஒரு அறையிலிருந்து வெளியே வந்தால் மற்றப் பத்து அறைக்காரர்களும் பார்ப்பார்கள். ஒருவன் ஒருநாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக நினைத்தால் எப்படிப் போயிருப்பான்? விதிநூல்களில் துறவை விடுவதற்கு முறை சொல்லப்பட்டிருக்கிறது. இன்னொருவர் முன் வாய்விட்டுச் சொன்னால் போதும். எங்கள் துறையில் மூன்று பிரதிகள் வேண்டும்.


அக்டோபர் 15, புதன்

தளத்துக்குச் சொல்லிவைத்திருந்த பலகைகளை வேறு ஊருக்கு எடுத்துப் போய்விட்டார்கள். வீராசாமி அதைச் சொல்ல வந்தார். கெஞ்சவில்லை. குழியின் விளிம்பில் குந்தி, தெற்குச் சுவரை வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல வேலக்காரன். தூக்குகுண்டு வுட்டுக் கட்டியிருக்கான்" என்றார்.

"ஆமா."

"முப்பது வருசமா செவுரு கட்டுறேன் சார். செவுரு இருந்து எடம் போச்சுன்னு சண்ட போடுவாங்க, பாத்திருக்கேன். இல்லாத செவுத்துக்கு எடத்த வுட்டுட்டு நிக்கிறது நான்தான்."

இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று விளக்கலாம் என நினைத்தேன். விளக்கவில்லை.


அக்டோபர் 18, சனி

மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் ஒரு பக்கம் கிழிந்து அவர்கள் அடுப்பு அணைந்தது. கிடங்கில் வந்து இருக்கச் சொன்னேன். அஞ்சம்மாள் வாசலில் நின்று உள்ளே பார்த்தார்.

"இதுல நீங்களே எங்க சார் இருக்கீங்க?"

சுகந்தியின் மாமியார் தொலைபேசியில் சொன்னதாகவும் சொன்னார். தீபாவளி கழித்து ஒரு மாதம் பார்ப்பார்களாம். அப்புறம் அங்கேயே ஆஸ்பத்திரியில் பதிந்துவிடுவார்களாம். சொல்லும்போது குரல் மாறவில்லை. சேலைத் தலைப்பால் ஒரு ஓட்டு மூட்டையின் மேல் விழுந்திருந்த தண்ணீரைத் துடைத்துவிட்டுப் போனார்.


அக்டோபர் 22, புதன்

இந்தப் பருவத்துக்கான அனுமதிக் கடிதத்தை முதல் முறையாக முழுதும் படித்தேன். எட்டாம் பத்தி: குழிகளில் தேங்கும் மழைநீரை அகற்ற வடிகால் வெட்டிக்கொள்ளலாம், இதற்குத் தனி அனுமதி தேவையில்லை. வடிகால் எந்தத் திசையில் என்று சொல்லப்படவில்லை.

காலையில் வேலையாட்களைக் கூப்பிட்டு, வடிகால் வெட்டப்போகிறோம் என்றேன். வடக்கே. அஞ்சம்மாள் வீட்டுக்கும் செல்லக்கண்ணு வீட்டுக்கும் நடுவிலுள்ள சந்து வழியாகத் தெருவுக்கு.

யாரும் அசையவில்லை. குழிக்குத் தெற்கே நான்கடி பள்ளத்தில் வாய்க்கால் ஓடுகிறது. வடக்கே தரை ஏறிக்கொண்டே போகிறது.

"தண்ணி மேட்டுக்கா சார் போவும்?" என்றார் அஞ்சம்மாள்.

"மட்டம் பாக்குற கருவி அப்படித்தான் காட்டுது."

"அரசாங்கத் தண்ணி போவும்டி" என்று செல்லக்கண்ணு மண்வெட்டியை எடுத்தார். "நீ கேள்வி கேக்காம வெட்டு."

அதற்குப் பிறகு நடந்த மாதிரி வேலையை நான் பார்த்ததில்லை. மதியத்துக்குள் பன்னிரண்டு மீட்டர். மதியம் அவர்கள் வட்டமாக உட்கார்ந்தபோது ஒரு தட்டு என் பக்கம் நகர்ந்து வந்தது. புளிக்குழம்பும் அப்பளமும்.


அக்டோபர் 24, வெள்ளி

காலை எட்டு மணிக்கு வடிகால் சந்துக்குள் நுழைந்தது. ஒரு மீட்டர் அகலம், ஆள் இடுப்பு ஆழம். வீராசாமி காரைக்கால் வேலைக்குப் போகாமல் வந்து, தன் வீட்டு அஸ்திவாரம் சரியாதபடி பலகை முட்டுக் கொடுத்தார். ஆரோக்கியதாஸ் குடை பிடித்துக்கொண்டு நின்றார். தெருவே வந்து நின்றது. செங்கல் தட்டுப்படுகிறதா என்பதுதான் எல்லோருக்கும் தெரிய வேண்டியிருந்தது.

தட்டுப்படவில்லை. புள்ளிக்கோடு போகும் இடத்தைக் கடந்து இரண்டு மீட்டர் வெட்டிவிட்டார்கள். மஞ்சள் களிமண், மேலும் மஞ்சள் களிமண். ஒரு செங்கல் துண்டுகூட இல்லை.

"ஒண்ணுமில்ல சார்" என்று செல்லக்கண்ணு கத்தினார். தெருவில் யாரோ விசில் அடித்தார்கள். வீராசாமி சுவரில் சாய்ந்து பீடி பற்றவைத்தார். டீ வாங்க ஆள் போயிற்று. எல்லோரும் வீராசாமி பக்கம் நகர்ந்தார்கள். நானும் மகிழ்ச்சியோடுதான் வடிகாலுக்குள் இறங்கினேன், வெட்டிய பக்கத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்ய. அஞ்சம்மாள் எனக்கு முன்பே அங்கே குந்திச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

இதை எழுதிவிட வேண்டும்.

ஒரு சுவரைக் கட்ட முதலில் பள்ளம் வெட்டுவார்கள். பள்ளி பாழடைந்த பிறகு யாராவது அந்தச் சுவரின் செங்கல்லை ஒன்றுவிடாமல் பெயர்த்துக்கொண்டு போகலாம். மதகு கட்ட, கிணறு கட்ட. செங்கல் போய்விடும். பள்ளம் எங்கும் போகாது. அதில் வேறு மண் வந்து நிரம்பும். ஆயிரம் ஆண்டு ஆனாலும் அந்த மண் சுற்றியுள்ள மண்ணோடு ஒட்டாது. சற்றுக் கறுப்பாக, சற்றுப் பொலபொலப்பாக, சுவரின் அகலத்துக்குச் சுவரின் வடிவிலேயே நிற்கும்.

நின்றது. மஞ்சள் களிமண்ணுக்கு நடுவே, செங்குத்தான இரண்டு விளிம்பும் தட்டையான அடியுமாக, சாம்பல் கறுப்பில் ஒரு பட்டை. அளந்தேன். ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர். மற்ற மூன்று சுவர்களின் அகலமும் ஒரு மீட்டர் பத்து. புள்ளிக்கோட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் ஒரு சாண்.

பத்தொன்பது ஆண்டுகளாக நான் சொல்லிவந்தது சரி. பள்ளி சதுரம். இதற்கு முன் நான் எதிலும் இவ்வளவு சரியாக இருந்ததில்லை. மேலே டீ வந்து, வீராசாமி யாருக்கோ கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சாய்ந்திருந்த சுவருக்கு நேர் கீழே அந்தக் கறுப்புப் பட்டை போய்க்கொண்டிருந்தது.

"மண்ணு மாறுது சார்" என்றார் அஞ்சம்மாள். மெதுவாக, எனக்கு மட்டும்.

அவருக்கு அதைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவன் நான். மூன்று மாதமாக, நிறம் மாறினால் கையை நிறுத்திச் சொல்ல வேண்டும் என்று ஓயாமல் சொல்லிவந்திருக்கிறேன். அவர் கையை நிறுத்தியிருந்தார். சொல்லியும்விட்டார்.

"ஈரம்" என்றேன்.

இரண்டு பக்கமும் இருந்த மஞ்சள் மண்ணைத் தொட்டுப் பார்த்தார். அதுவும் அதே ஈரம். கறுப்பைத் தொட்டுப் பார்த்தார். கொஞ்சம் உதிர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதில் சிவப்பாகச் செங்கல் பொடி. அதை வெகுநேரம் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. ஒரு நிமிடம்கூட இருக்காது.

"நீங்க சொன்னா சரி சார்" என்றார். பிறகு, "உங்களுக்கு இது பெருசில்லையா?" என்று கேட்டார்.

அந்தப் புள்ளிக்கோட்டை வரையச் சொன்னது நான். வேறு யாருமில்லை. ஆரோக்கியதாஸ் தடுத்தார், மேடம் மகிழ வேண்டும் என்று வரையச் சொன்னேன். இதை அவரிடம் அப்போது சொன்னேன்.

"தெரியும் சார்" என்றார். "அன்னிக்கே தாஸண்ணன் மூஞ்சில தெரிஞ்சுது."

மழை மறுபடி தூறியது. வெட்டிய பக்கத்தில் யார் கைபட்டாலும் நான் கத்துவேன் என்பது ஊருக்கே தெரியும். வடிகாலின் அடியிலிருந்து களிமண்ணை இரண்டு கையாலும் அள்ளி முதலில் அப்பியது நான்தான். எனக்கு அது சரியாக வரவில்லை. அஞ்சம்மாள் என்னை நகரச் சொல்லிவிட்டு, அடுப்பு மெழுகுகிற மாதிரி, உள்ளங்கையால் மேலிருந்து கீழே நான்கு இழுப்பு இழுத்தார். பட்டையைக் காணவில்லை.


அக்டோபர் 25, சனி

வடிகாலின் வெட்டுமுகத்தை ஆரோக்கியதாஸ் வரைந்தார். சந்துக்கு வந்ததும் நின்றார்.

"இங்க மட்டும் மெழுகினாப்பல இருக்கே சார்."

"மழை."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மழை நான்கு விரல் பதித்துப் போயிருந்ததை அவர் பார்க்காமல் இருக்க வாய்ப்பில்லை. மஞ்சள் களிமண் என்று ஒரே சீராகக் கோடுபோட்டு நிரப்பினார்.

"முப்பத்தோரு வருசத்துல இவ்வளவு ஒழுக்கமான மண்ண நான் வரைஞ்சதில்ல" என்றார். கையெழுத்திட்டுத் தேதி போட்டார்.


அக்டோபர் 27, திங்கள்

அறிக்கை அனுப்பினேன். 'உத்தேச வடக்கு எல்லையில் கட்டுமானச் செங்கல் ஏதும் காணப்படவில்லை.' இந்த வாக்கியத்தில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதைப் பலமுறை படித்துப் பார்த்தேன். பொய்யாக ஒரு சொல்லாவது இருந்திருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காது.

வடிகாலை மூடியாயிற்று. தண்ணீர் தெற்கே போகிறது.


நவம்பர் 6, வியாழன்

எல்லை திருத்தி ஆணை வந்தது. தியாகசுந்தரம் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தார். வீராசாமி அதை வாங்கிப் பார்க்கவில்லை. பலகைக்குச் சொல்ல சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.


நவம்பர் 9, ஞாயிறு

மழை ஒருநாள் விட்டது. தளம் போட்டார்கள். கலவை இயந்திரத்தின் சத்தம் காலை ஆறிலிருந்து மாலை மூன்றுவரை. ஒன்பது வீட்டாரும் வரிசையாக நின்று கலவைச் சட்டி மாற்றினார்கள். வரச்சொல்லி மூன்று முறை ஆள் வந்தது. பதிவேடுகள் பாக்கி இருக்கின்றன என்று சொல்லிவிட்டுக் கிடங்கிலேயே இருந்தேன். ஒவ்வொரு சட்டியும் எங்கே கொட்டப்படுகிறது, அதற்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒருவன் அங்கே நின்று லட்டு தின்பது சரியாக இருக்காது.

லட்டு இங்கே வந்துவிட்டது. தின்றேன்.


நவம்பர் 12, புதன்

மேடம் தொலைபேசினார். குரலில் திருவிழா.

"அம்பலவாணன், நீங்க என்ன கண்டுபிடிச்சிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியலை. மூணு பக்கம் மட்டும் உள்ள பௌத்தப் பள்ளி. உலகத்துலயே இல்ல. ஒரு பக்கம் வேணும்னே திறந்து விட்டிருக்காங்க."

"பழுதாகியும் இருக்கலாம் மேடம்."

"உங்க அறிக்கையில அடித்தளமே இல்லன்னு இருக்கே. வெட்டுமுகப் படம் அவ்வளவு சுத்தம். பத்திரிகைக்குச் சொல்லியாச்சு. அமைச்சர் பேசறார். ஜனவரியில கருத்தரங்கு. வடக்குப் பக்கம் ஏன் திறந்திருந்ததுன்னு நீங்கதான் கட்டுரை வாசிக்கறீங்க. சுருக்கம் ரெண்டு பக்கம், இருபத்து நாலாம் தேதிக்குள்ள வேணும்."

"என் பழைய கட்டுரை சதுரம்னு சொல்லுது."

"முதல் வரியில அது தவறுன்னு எழுதிடுங்க. தன் தவறைத் தானே ஒத்துக்கற அறிஞர். ரொம்ப நல்லா இருக்கும்."

மாற்றல் பற்றிக் கேட்டேன். அவர் சிரித்தார். இங்கேயே களக் காட்சியகம் வரப்போகிறதாம். திறந்த வடபுறத்தைப் பற்றித் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் பொறுப்பு என்னிடமே. மூன்று ஆண்டு. வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் விளக்க வேண்டும்.


நவம்பர் 18, செவ்வாய்

முதல் வரி எழுதிவிட்டேன். 'காவிரிப் படுகைப் பள்ளிகள் சதுர வடிவின என்று இக்கட்டுரையாளர் முன்பு கருதியது தவறு.' எழுத இரண்டு நாள் ஆயிற்று.

காரணம் பிடிபடவில்லை. காற்றுக்காக என்று எழுதினேன். வாடைக்காற்றை மார்கழியில் யார் விரும்பி வாங்குவார்கள் என்று அடித்தேன். ஆறு வடக்கே இருந்திருக்கலாம் என்று எழுதினேன், தெற்கே ஓடுகிறது. செங்கல் தட்டுப்பாடு என்று எழுதினேன். துறவிகளை அவமதிப்பதாக இருந்தது. இல்லாத ஒன்றுக்குக் காரணம் சொல்வது எளிது. இருந்ததென்று தெரிந்த ஒன்று ஏன் இல்லை என்று சொல்வதற்கு எனக்குப் பயிற்சி போதவில்லை.


நவம்பர் 23, ஞாயிறு

பலகை பிரித்துவிட்டார்கள். நேற்று சுகந்தி வந்து இறங்கிவிட்டாள். சம்பந்தியம்மாவே கூட வந்து, கூரையை அண்ணாந்து பார்த்து, ஒன்றும் குறை சொல்ல முடியாமல் காப்பி குடித்துவிட்டுப் போனாராம். இன்று கனமழை. சாப்பிடக் கூப்பிட்டார்கள். போனேன்.

பின் அறையில் சுகந்தி பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள், கால் இரண்டையும் நன்றாக நீட்டி. அடுப்படியில் அஞ்சம்மாள் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தார். மேலே மழை கொட்டும் சத்தம், கீழே ஒரு சொட்டு இல்லை. வீராசாமி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தளத்தின் மூலைகளைப் பார்த்தார். நான் தரையைப் பார்க்காமலிருக்க முயன்று, முன் அறைக்குத் தள்ளி உட்கார்ந்து தாளை எடுத்தேன்.

"லீவுலயும் என்னா சார் எழுத்து?" என்றார் வீராசாமி.

"வடக்குப் பக்கம் ஏன் செவுரு இல்லன்னு காரணம் எழுதணும். நாளைக்குள்ள."

"இல்லன்னா இல்ல. இதுக்குக் காரணம் வேறயா?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அஞ்சம்மாள் வாசல்நிலையில் வந்து நின்று என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"ஆறடி ரூமு. சன்னல் கிடையாது" என்றார். கணவருக்குச் சொல்வதுபோல் எனக்குச் சொன்னார். "எப்பப் பாத்தாலும் பத்து பேரு பாத்துக்கிட்டிருக்கான். வந்தவன்ல எவனுக்காச்சும் ஒருநாளு வூட்டு நெனப்பு வராதா? யாருகிட்டயும் சொல்லிக்காம அவன் நடந்து போறதுக்கு ஒரு பக்கம் வுட்டு வச்சிருப்பாங்க சார். போனா போறான்னு."

வீராசாமி அது சரி என்பதுபோல் தலையாட்டினார்.

எழுதினேன்: 'துறவை விடுத்து இல்லம் திரும்ப விழைந்தோர் பிறர் அறியாமல் வெளியேறும் பொருட்டு வடபுறம் திறந்து விடப்பட்டிருந்தது எனக் கருத இடமுண்டு.' படித்துப் பார்த்தேன். என் பழைய கட்டுரையில் இவ்வளவு நல்ல வாக்கியம் ஒன்றுகூட இல்லை.

"அப்ப நீங்க எப்ப சார் ஊருக்குக் கெளம்புறீங்க?" என்றார் அஞ்சம்மாள், தட்டை வைத்துக்கொண்டே.

மூன்றாண்டுக்கான ஆணை நேற்றே வந்து, சட்டைப் பையில் இருந்தது.

"இத எழுதி முடிச்சதும்" என்றேன்.